இடுப்பில் ஒரு .32

கைத்துப்பாக்கி வாங்க வருபவர்கள் முதலில் கேட்பது அளவைத்தான். “சோட்டாவாலா திகாவ், உஸ்தாத்” (சின்னதைக் காட்டுங்கள்) என்பார்கள். சட்டைக்கு வெளியே புடைக்கக் கூடாது, காரில் உட்கார்ந்தால் உறுத்தக் கூடாது, எடை தெரியவே கூடாது. விசையை அழுத்தினால் வெடிக்குமா என்று கேட்பவர் அபூர்வம். காசு கொடுத்து வாங்கும் பொருள் எப்படி வெடிக்காமல் போகும் என்ற நம்பிக்கையாக இருக்கலாம். ராணுவத்தின் மின்னணு, இயந்திரப் பொறியியல் பிரிவான ஈ.எம்.ஈ.யில் ஆர்மரராக, அதாவது ஆயுதம் பழுது பார்ப்பவனாக, வேலை பார்த்தவன் நான். செகந்திராபாத்தில் கற்ற தொழில். ஓய்வு பெற்ற பிறகும் ஊர் திரும்பாமல் இங்கே ஹைதராபாத்திலேயே தங்கி, உரிமம் பெற்ற கடை ஒன்றில் துப்பாக்கி பழுது பார்க்கிறேன். வெடிக்காமல் போன துப்பாக்கிகளோடுதான் என் பிழைப்பு.

மறைத்து வைப்பது ஏதோ திருட்டுத்தனம் என்று சிலர் கூச்சப்படுகிறார்கள். நம் நாட்டில் அதுதான் விதி. ஆயுத விதிகள் 2016-இன்படி, பொது இடத்துக்குக் கைத்துப்பாக்கியைக் கொண்டுபோனால் அது அதற்கான உறையில் இருக்க வேண்டும், முழுக்க மூடியிருக்க வேண்டும், வைத்திருப்பவரின் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். வெளியே எடுத்துக் காட்டுவதுதான் குற்றம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மறைத்துக் கொண்டுபோகத் தனி அனுமதி வாங்க வேண்டும். இங்கே உரிமம் கிடைத்துவிட்டால் மறைத்தே ஆக வேண்டும். கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடும் மாப்பிள்ளைத் தோழர்களுக்காக 2019 திருத்தச் சட்டம் தனிப் பிரிவே வைத்திருக்கிறது: இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். பாராத் ஊர்வலத்தில் வெடிக்கட்டும் என்று துப்பாக்கியைத் துடைத்துத் தரக் கேட்டு வருகிறவர்களுக்கு இதைச் சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

எதை வாங்குவது என்பதில் நமக்குப் பெரிய குழப்பத்துக்கு இடமில்லை. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக அலசும் குட்டி 9 மி.மீ. பிஸ்டல்கள் இங்கே சாமானியருக்குக் கிடையாது. ராணுவமும் போலீசும் சுடும் 9 மி.மீ., பழைய .38, .455 எல்லாம் தடை செய்யப்பட்ட வகை. கைத்துப்பாக்கியில் நமக்கு நடைமுறையில் மிஞ்சுவது .32தான், அதற்கும் கீழே .22. தனியார் பயன்பாட்டுக்கான இறக்குமதி 1980களின் நடுவிலேயே நின்றுவிட்டது. ஆகவே கான்பூர் ரிவால்வர், ‘அஷானி’ பிஸ்டல், அல்லது யாரோ ஒருவரின் தாத்தா வைத்திருந்த வெப்ளி, வால்தர், கோல்ட். 2023-இல் பக்கவாட்டில் உருளை திறக்கும் ‘பிரபல்’ வந்தது. தனியார் தயாரிப்புகளும் தலைகாட்டத் தொடங்கியிருக்கின்றன. ஆனாலும் என் மேஜைக்கு வருவதில் பெரும்பகுதி கான்பூர்தான்.

சின்னதிலேயே பேர் பெற்றது ‘நிர்பீக்’. 2012 டெல்லி கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு, 2014 ஜனவரியில், பெண்களுக்கானது என்று சொல்லிக் கான்பூரில் வெளியிட்டார்கள். டைட்டானியக் கலவை, அரைக்கிலோ எடை, அப்போதைய விலை ஏறக்குறைய 1.22 லட்சம் ரூபாய். எந்தப் பெண்ணிடம் அவ்வளவு பணம் இருக்கிறது என்று அப்போதே கேட்டார்கள். என் கேள்வி வேறு. பழைய கான்பூர் .32 எழுநூறு கிராம். இது அதில் இருநூறைக் குறைத்தது. தோட்டா அதேதான். குறைத்த எடை எங்கே போகும்? கைக்குத்தான் வரும். துப்பாக்கி இலேசானால் உதைப்பு கூடும். பிடி குட்டையானால் சுண்டுவிரலுக்கு இடமிருக்காது, இரண்டு விரலில் தொங்கும். குழல் குட்டையானால் முன்குறிக்கும் பின்குறிக்கும் உள்ள தூரம் சுருங்கி, கையின் சிறு நடுக்கமும் இலக்கில் பெரிதாகத் தெரியும். அதற்கு மேல் விசையின் கனம் இருக்கிறது. சுத்தியலை இழுத்து வைக்காமல் நேரே விசையை அழுத்திச் சுட, மெலிந்த விரல்களுக்குச் சிரமம். வாங்குமுன் கடையிலேயே, தோட்டா இல்லை என்று இரண்டு முறை பார்த்துவிட்டு, பாதுகாப்பான திசையில் நீட்டி, ஒரு கையால் ஆறு முறை விசையை அழுத்தச் சொல்வேன். நாலாவதில் கை கீழே இறங்கினால் அந்தத் துப்பாக்கி அவருக்கு ஆகாது. மனைவிக்கென்று கேட்டு வந்து, மனைவியை அழைத்து வராதவர்களை நான் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ரிவால்வரா பிஸ்டலா என்றால் நான் ரிவால்வர் பக்கம். பிஸ்டல் தட்டை, இடுப்பில் அழகாக ஒட்டிக்கொள்ளும், ரிவால்வரின் உருளை புடைக்கும், அதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தோட்டா ஒன்று வெடிக்கவில்லை என்று வையுங்கள். ரிவால்வரில் விசையை மறுபடி அழுத்தினால் அடுத்த அறை வந்து நிற்கும். பிஸ்டலில் ஸ்லைடைப் பின்னுக்கு இழுத்து, கெட்ட தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை ஏற்ற வேண்டும். இரண்டு கையும் வேண்டும், பழக்கமும் வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறைகூடச் சுடாதவருக்கு அந்த நேரத்தில் அது வராது. .32 பிஸ்டல் தோட்டாவுக்கென்றே ஒரு நோயும் உண்டு. 1899-இல் ஜான் பிரவுனிங் அதை வடிவமைத்தபோது அடிப்பகுதியில் மெல்லிய விளிம்பு ஒன்றை விட்டுவைத்தார். மேகசினில் அடுக்கும்போது மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால் முடிந்தது கதை. எவ்வளவு ஆட்டினாலும் மேலே ஏறாது. ஒவ்வொன்றையும் முந்தியதற்கு முன்னால் விளிம்பு நிற்கும்படி அழுத்தி வைக்க வேண்டும். பிஸ்டல்காரர்களுக்கு இதை நான் செய்து காட்டாமல் விடுவதில்லை.

ரிவால்வரும் அப்பழுக்கில்லாததல்ல. பழைய கான்பூர் வகை, வெப்ளி மாதிரியில், நடுவில் மடிந்து திறப்பது. கீலும் மேல்தாழும் தேய்ந்தால் குழலும் உருளையும் ஒரு கோட்டில் நிற்காது. பழையதை வாங்குகிறவர்கள் காலித் துப்பாக்கியின் குழலைப் பிடித்து மெல்ல ஆட்டிப் பாருங்கள். சுத்தியலை முழுக்க இழுத்து வைத்து உருளையையும் அசைத்துப் பாருங்கள். மயிரிழை ஆட்டம் பரவாயில்லை. லடக் லடக் என்றால் விட்டுவிடுங்கள், நூறு ரூபாய்க்குக் கொடுத்தாலும்.

வெளிநாட்டுப் பழைய பிஸ்டல் மேல் இருக்கும் மோகத்தை என்னவென்று சொல்வது? வால்தர் பி.பி.கே. என்றால் லட்சக்கணக்கில் எண்ணி வைக்கத் தயாராக இருக்கிறார்கள். செய்தவர்கள் கெட்டிக்காரர்கள், அதில் சந்தேகமில்லை. 1911 ஜூன் 17-இல் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டலால். துணிக்குள் மறைந்து, வேண்டிய கணத்தில் வெடிக்கும் இயந்திரத்தை அந்தக் காலத்திலேயே செய்து முடித்திருந்தார்கள். ஆனால் அந்தத் தலைமுறைப் பிஸ்டல்கள் பலவற்றில் கீழே விழுந்தால் ஊசியைத் தடுத்து நிறுத்தும் அமைப்பு கிடையாது. அறையில் தோட்டா ஏற்றி இடுப்பில் செருகிக்கொண்டு நடப்பது வம்பு. அறையைக் காலியாக வைத்தால், மறுபடி அந்த இரண்டு கைச் சிக்கல். ஸ்பிரிங்குகளுக்கும் வயதாகிவிட்டது. மேகசின் ஸ்பிரிங் தளர்ந்தால் தோட்டா நேரத்துக்கு மேலே வராது. ஸ்லைடு வெறும் காற்றைத் தள்ளிக்கொண்டு மூடும். அசல் ஸ்பிரிங் கிடைப்பதில்லை, நாமே சுற்ற வேண்டும். சுற்றித் தருகிறேன். அதன் மேல் உயிரை வைக்கச் சொல்ல மாட்டேன்.

துப்பாக்கியைவிட எனக்குக் கவலை தருவது தோட்டா. தமிழனுக்கு இதை விளக்க ஒரு தேதி போதும்: 1967 ஜனவரி 12. ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டார், தன்னையும் சுட்டுக்கொண்டார். எம்.ஜி.ஆரின் கழுத்தில் குண்டு பாய்ந்தது, குரல் மாறிப்போனது. ஆனால் இருவருமே பிழைத்தார்கள். தோட்டாக்கள் வாங்கிப் பல வருடம் ஆனவை, வீரியம் போனவை என்று அன்றைக்குப் பேசப்பட்டது. வழக்கின் மற்ற விவகாரங்கள் எனக்கு வேண்டாம். நான் ஆர்மரர், தோட்டாவோடு நிற்கிறேன். பீரோவில் பத்து வருடம் கிடந்ததை எடுத்து உருளையில் போட்டுக்கொண்டு தைரியமாக நடப்பவர்களை இன்றும் பார்க்கிறேன்.

ஹைதராபாத்தில் மே மாத வெயில் நாற்பது டிகிரியைத் தாண்டும். இடுப்பில் வேர்வை, காருக்குள் ஏ.சி., வெளியே அனல், மறுபடி ஏ.சி. இரும்பு துருப்பிடிப்பதைக் கண்ணால் பார்க்கலாம், தோட்டாவுக்குள் நடப்பதைப் பார்க்க முடியாது. பளபளக்கட்டும் என்று உருளைக்குள் எண்ணெய் ஊற்றுகிறவர்கள் வேறு. எண்ணெய் கசிந்து தோட்டாவின் அடியிலுள்ள, மருந்தைப் பற்றவைக்கும் கேப்புக்குள் போனால் அது செத்தது. அறைகளைத் துணியால் உலரத் துடைத்த பிறகுதான் தோட்டா போட வேண்டும். தினமும் கொண்டுபோகும் தோட்டாக்களை ஆண்டுக்கு ஒருமுறை ரேஞ்சில் சுட்டுத் தீர்த்துவிட்டுப் புதியதைப் போடுங்கள். கட்கி தொழிற்சாலையின் ‘கே.எஃப்.’ முத்திரைத் தோட்டா விலை அதிகம், உரிமத்தில் எழுதிய எண்ணிக்கைக்கு மேல் வாங்கவும் முடியாது. அதனால் சேர்த்து வைக்கத்தான் மனசு வரும். சேர்த்து வைத்தவர்களின் துப்பாக்கி எதுவும் சரியாகச் சோதிக்கப்பட்டதே இல்லை. ஐம்பது முறையாவது தடங்கல் இல்லாமல் சுடாத துப்பாக்கியை நான் நம்புவதில்லை.

உறை பற்றிச் சுருக்கமாக. விசைக்காப்பு முழுக்க மூடியிருக்க வேண்டும், துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் மடங்காமல் நிற்க வேண்டும், பெல்ட் கெட்டியாக இருக்க வேண்டும். குர்தா பாக்கெட்டில் சாவிக்கொத்தோடு போடாதீர்கள். பெண்கள் கைப்பையில் வைப்பதானால் அதற்கென்று தனி அறை வேண்டும். அந்த அறையில் சீப்புகூட இருக்கக் கூடாது. ஷம்ஷாபாத் விமான நிலையத்துக்குப் போகுமுன் பையைக் கவிழ்த்து உதறிப் பாருங்கள். மூலையில் மறந்து கிடந்த ஒற்றைத் தோட்டா உரிமம் உள்ளவரையும் போலீஸ் நிலையத்தில் உட்கார வைத்துவிடும்.

நிலத்தகராறு, பாக்கி வசூல், மைத்துனரோடு சண்டை என்று காரணம் சொல்லிக் கேட்பவர்களிடம் நான் துப்பாக்கி பற்றிப் பேசுவதில்லை, டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிடுவேன். மாலையில் குடிப்பவர்களுக்கும் அப்படித்தான். மிரட்டல் உண்மையானது என்றால் அதை எடைபோட்டு உரிமம் தருவது கமிஷனர் அலுவலகத்தின் வேலை. விதிப்படி பாதுகாப்புப் பயிற்சியும் எடுக்க வேண்டும். சான்றிதழுக்காக எடுப்பவர்களை அவர்கள் துப்பாக்கியை வாங்கிக்கொள்ளும் விதத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். முதல் காரியமாக விரல் விசைக்குப் போகும்.

தேர்தல் அறிவித்தால் உரிமத் துப்பாக்கிகளைப் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். வங்கிக் காவலர்கள் போன்றவர்களுக்கு விலக்கு உண்டு, மற்றவர்களில் உத்தரவு வந்தவர்கள் கொடுத்தாக வேண்டும். கொடுக்குமுன் துடைத்து, குழலுக்குள்ளும் வெளியிலும் மெல்லிய எண்ணெய் பூசி, துணியில் சுற்றி, நம்பர் எழுதிய ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தோல் உறையோடு கொடுக்காதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து இரும்புக்குக் கொடுக்கும். வாரக்கணக்கில் அது அங்கே கிடக்கும். திரும்பி வந்ததும் ரசீதிலுள்ள நம்பரைச் சரிபார்த்து, குழலில் வெளிச்சம் விட்டுப் பார்த்து, எண்ணெயை முழுக்க எடுத்துவிட்டு, ரேஞ்சுக்குக் கொண்டுபோய் ஆறு சுட்டுப் பாருங்கள். அதற்குப் பிறகு இடுப்பில் செருகலாம்.