வெள்ளை ஒன்றன்று

வெள்ளை என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். ஆயினும் நம் மொழி அதனை ஒரே நிறமாகக் கண்டதில்லை. வெளுத்த வேட்டிக்குத் தும்பைப் பூவையும், பல்வரிசைக்கு முல்லை அரும்பையும், நிலவொளிக்குப் பாலையும் உவமையாகச் சொல்கிறோம். சங்கின் வெண்மை வேறு. தந்தத்தின் வெண்மை வேறு. இவற்றுள் சுவருக்கு உரியது எது? அம்மாவின் அறைக்கு வண்ணம் பூச முனைந்தபோதுதான் இக்கேள்வி எங்கள் வீட்டில் எழுந்தது.

என் இளமையில் இதற்கு இடமே இருந்ததில்லை. பொங்கலுக்கு முன் வெள்ளையடிப்பார்கள், அவ்வளவுதான். சுட்ட சுண்ணாம்புக் கல்லின் மேல் நீர் ஊற்றினால் அது கொதித்துப் பொங்கி நீறும். அதனைத் துணியில் வடிகட்டி, கையில் ஒட்டாதிருக்கப் பசை சேர்த்து, ஒரு சிட்டிகை நீலமும் கலப்பார்கள். சுண்ணாம்பின் இளமஞ்சள் சாயலை நீலம் ஈடுசெய்வதால் சுவர் தூய வெண்மையாகத் தோன்றும். ஈரத்தில் மங்கலாக இருக்கும் பூச்சு காயக் காய வெளுக்கும். பின்னர் காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல ஏற்று, சுண்ணாம்பு மீண்டும் கல்லின் தன்மையை அடையும்.

இன்றைய வண்ணங்களுக்கு வெண்மை தருவது டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் பளிச்சிடும் வெண்மையில் மஞ்சளோ கறுப்போ சில துளிகள் சேர்த்தால் அது மென்மையாகிறது. துளிகளின் அளவு மாற மாற, வெள்ளையின் வகைகளும் பெருகுகின்றன. வண்ண அட்டையில் அவை வரிசையாக நின்றன. ஆனால், வண்ணம் பூச வந்த பெரியவர் அட்டையை மூடி வைத்துவிட்டார். “அட்டையில் தெரிவது கடையின் வெளிச்சம், உங்கள் வீட்டு வெளிச்சம் சுவரில்தான் தெரியும்” என்றார். சாளரத்தின் எதிர்ச்சுவரில் இரண்டடிச் சதுரங்களாக மூன்று வெள்ளைகளைப் பூசிக் காயவிட்டார்.

ஒரு நாள் முழுவதும் அவற்றைப் பார்த்தோம். காலையில் மூன்றும் ஒன்றுபோலத் தோன்றின. நண்பகலில் வெளியே நின்ற வேம்பின் பசுமை அவற்றில் படிந்தது. மாலை வெயில் சிவப்புத் தரையில் பட்டுத் தெறித்தபோது மூன்றுமே கன்றிச் சிவந்தன. விளக்கேற்றிய பின் மஞ்சள் சேர்ந்த மூன்றாவது சதுரம் பழைய தாள்போலத் தெரிந்தது. சுவர் தன் நிறத்தை மட்டும் காட்டுவதில்லை. தன்னைச் சூழ்ந்தவற்றையும் வாங்கிக் காட்டுகிறது.

அம்மாவுக்கோ இன்னொரு வேறுபாடும் இருந்தது. அவருடைய வலக்கண்ணில் கண்புரை அறுவை முடிந்திருந்தது. இடக்கண்ணுக்குச் செய்ய வேண்டியதை, “ஒரு கண் போதும்” என்று பல மாதங்களாகத் தள்ளிப்போட்டு வந்தார். முதுமையில் கண்ணின் வில்லை மஞ்சளாகிவிடுகிறது. அதனை அகற்றிச் செயற்கை வில்லையைப் பொருத்தியதும் நீலம் தெளிவாகத் தெரியத் தொடங்குகிறது. அம்மா ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். பின்னர் மறு கண்ணை மூடிப் பார்த்தார். முதல் சதுரம் இரு கண்களையும் கூசச் செய்தது. நடுவிலிருந்ததைக் காட்டி, “இந்தக் கண்ணுக்குச் சங்கு, இந்தக் கண்ணுக்குத் தந்தம். எது மெய் ஐயா?” என்று என்னைக் கேட்டார்.

எனக்கு விடை தெரியவில்லை. இரண்டும் அவர் கண்கள்தாமே! நெடுநேரம் சுவரையே பார்த்திருந்தவர், “நடுவில் இருப்பதே இருக்கட்டும். இனி இரண்டு கண்ணுக்கும் இது சங்காகவே தெரியட்டும்” என்றார். இடக்கண்ணின் அறுவைக்கு அவர் உடன்பட்டுவிட்டார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அழகான வெள்ளை எது என்று கடையில் கேட்பதில் பயனில்லை. எந்தத் திசையின் ஒளி, எந்தத் தரை, எந்த மரம், எவருடைய கண் என்று கேட்க வேண்டும். சுவரைப் பூசி முடித்துப் பணியாளர்கள் சென்றுவிடுவார்கள்; அதனைப் பார்த்துக்கொண்டே வாழப்போகிறவர் அந்த அறைக்கு உரியவர் அல்லவா?