கட்ச்: மண் சுவரில் மின்னும் கண்ணாடிகள்

குஜராத்தின் பூஜ் நகரிலிருந்து வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் போனால், பன்னி புல்வெளியில் ஹோட்கா கிராமம். வெள்ளை உப்புப் பாலைவனம் பார்க்கப் போகிறவர்கள் வழியில் அரை மணி நேரம் எட்டிப் பார்க்கிற ஊர். என்னைக் கேட்டால், பாலைவனத்துக்கு அரை மணி நேரம் போதும். மீதியை இங்கே செலவிடலாம்.

இங்குள்ள வீடுகளுக்குப் 'புங்கா' என்று பெயர் (நம்ம ஊர் பூங்கா இல்லை!). வட்டமான தடித்த மண் சுவர், கூம்புக் கூரை, சின்னச் சின்ன ஜன்னல்கள். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே குளுமை. 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் கட்ச் முழுக்கக் கட்டடங்கள் சரிந்தபோது, இந்த வட்ட வீடுகள் பல தாக்குப்பிடித்தன.

உள்ளே நுழைந்தால் சுவரெல்லாம் மண் கோடுகள், நடுநடுவே கண்ணாடிச் சில்லுகள். இதுதான் லிப்பன் வேலை. லிப்பன் என்றால் மெழுகுவது. களிமண்ணைச் சலித்து, சாணம் கலந்து பிசைந்து, கயிறுபோல உருட்டிச் சுவரில் ஒட்டுகிறார்கள். ரபாரி பெண்கள் மயில், ஒட்டகம், தயிர் கடையும் பெண் என்று உருவங்கள் செய்வார்கள். முத்வா இஸ்லாமியர் வீடுகளில் உருவமே இருக்காது, வட்டமும் கட்டமும்தான். கண்ணாடி வெறும் அழகுக்கு இல்லை. ஒரே ஒரு எண்ணெய் விளக்கை ஏற்றினால், அத்தனை சில்லுகளிலும் சுடர் தெரியும்.

நாங்கள் போன வீட்டில் என் பத்து வயது மகள் பென்சிலும் ஸ்கேலும் கேட்டாள். வீட்டுக்காரம்மா சிரித்துவிட்டு, அவள் கையில் ஒரு மண் உருண்டையை வைத்தார். முதல் கோடு கோணலாக வந்தது. அவர் அதை அழிக்கவில்லை. பக்கத்திலேயே அதே கோணலில் இன்னொரு கோடு வைத்தார். இரண்டும் சேர்ந்து இலையாகிவிட்டது!

அவர் தன் மாமியாரிடம் சுவரில் கற்றவர். அவருடைய மகளோ சிமென்ட் வீட்டில் வாழ்க்கைப்பட்டிருக்கிறாள். "அங்கே பெயின்ட் அடிச்சாச்சு. அதனால அவளுக்குப் பலகையில சொல்லித் தர்றேன்" என்றார். மகள் செய்த பலகைகள்தான் வாசலில் விற்பனைக்கு இருந்தன.

அந்தப் பலகையை உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் செய்யலாம். பத்து அங்குல வட்ட எம்.டி.எஃப். பலகை ஒன்று போதும். சாணத்துக்குப் பதில் சாக் பவுடரில் கொஞ்சம் கொஞ்சமாக ஃபெவிகால் விட்டு, சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசையுங்கள். ஈரத்துணி போட்டு மூடி வைக்காவிட்டால் சீக்கிரம் இறுகிவிடும். கண்ணாடியை முதலில் ஒட்டி, அதைச் சுற்றி மாவை முறுக்குபோல உருட்டி அணைக்க வேண்டும். ஓரம் மழுக்கிய கண்ணாடியாகப் பார்த்து வாங்குங்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் அக்ரிலிக் கண்ணாடியே நல்லது. நிழலில் இரண்டு நாள் காயட்டும், வெயிலில் வைத்தால் வெடிக்கும். பிறகு வெள்ளை பெயின்ட் அடித்து, கண்ணாடியை மட்டும் ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். கடை கிட்களில் வரும் ஏழெட்டு கலர் எனக்குப் பிடிக்கவில்லை; வெள்ளையில்தான் கண்ணாடி எடுப்பாகத் தெரியும்.

ஸ்கேலை மட்டும் கண்ணில் காட்டாதீர்கள். சுவரில் மாட்டிய அன்று ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு, எதிரே ஓர் அகல் ஏற்றி வையுங்கள். எத்தனை சுடர் என்று பிள்ளைகளே எண்ண ஆரம்பித்துவிடுவார்கள்.