பிறந்தகம் நோக்கிய வாகனம்

திருத்தணிகை மலைமேல் புதுவண்டிகளுக்குப் பூஜை போடும் இடத்தில் சற்று நின்று வேடிக்கை பார்ப்பது, உத்தியோகத்திலிருந்து ஓய்வுபெற்று, பேரக் குழந்தைகளாலும் பத்திரிகாசிரியர்களாலும் ஒருங்கே கைவிடப்பட்ட என்னைப் போன்ற கிழவர்களுக்கு வாய்த்த மலிவான இன்பங்களுள் ஒன்று. நகரியிலிருந்து வந்த டிராக்டரும், அரக்கோணத்து ஆட்டோவும், தவணையில் வாங்கிய மோட்டார் சைக்கிளும் அங்கே ஒரே வரிசையில் நிற்கும்; எல்லாவற்றுக்கும் அதே மாலை, அதே குங்குமம், சக்கரத்தடியில் அதே எலுமிச்சம்பழம். அவ்வரிசையில் ஒரு நாள், மூக்கின்மேல் மூன்று முனை நட்சத்திரம் தாங்கிய பென்ஸ் கார் ஒன்று வந்து நின்றது. அதன் சொந்தக்காரரான வாலிபர், வண்டி எத்தனை நொடியில் எவ்வளவு வேகம் பிடிக்கும் என்பதைக் கேட்டவர்க்கும் கேளாதவர்க்கும் விஸ்தாரமாக எடுத்துரைத்துக்கொண்டிருக்க, கற்பூரத் தட்டைக் கீழே வைத்த குருக்கள், "பிரேக் நன்னாப் பிடிக்கறதோல்லியோ? கீழே இறங்கணுமே!" என்று ஒரே கேள்வி கேட்டார். மோட்டார் வாகனத்தின் சரித்திரத்தை அதைவிடச் சுருக்கமாக எவரும் சொல்லிவிட முடியாது.

வாகன விஷயத்தில் இந்த க்ஷேத்திரத்துக்கென்று ஒரு தனி மரபு உண்டு. முருகன் என்றால் மயில் என்பது குழந்தைக்கும் தெரியும். ஆனால் இங்கே சந்நிதிக்கு நேரே இருப்பது ஐராவதம் என்னும் யானை. அதுவும் சுவாமியின் திருமுகத்தை நோக்காமல் கிழக்கே பார்த்துக்கொண்டு நிற்கிறது. தெய்வயானையை மணம் செய்து கொடுத்த இந்திரன் அந்த யானையையும் சீதனமாகக் கொடுத்தான் என்றும், அது போனபின் தேவலோகத்தின் ஐசுவரியம் குன்றத் தொடங்கியது என்றும், முருகன் அதைத் திருப்பித் தர முன்வந்தபோது, கொடுத்த சீதனத்தைத் திரும்பப் பெறுவது முறையன்று என்று மறுத்த மாமனார், அதன் பார்வை மட்டும் தன் உலகத்தின் மேல் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டார் என்றும் ஸ்தலபுராணம் கூறும். மனைவி கொண்டுவந்த சீதனமாகிய வாகனம், மனைவியின் பிறந்தகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறது! இந்த எண்ணத்தோடு படியிறங்குகையில், மான்ஹைம் நகரத்து அம்மாள் ஒருவர் எனக்கு ஞாபகம் வந்தார்.

கார்ல் பென்ஸ் தம்முடைய மூன்று சக்கர மோட்டார் வண்டிக்கு 1886-ஆம் வருஷம் ஜனவரி 29-ஆம் தேதி காப்புரிமை கோரியதைப் பாடப்புத்தகங்கள் சொல்லும். அந்த மனிதர் தம் பட்டறையை ஆரம்பித்த காலத்தில், ஒத்துவராத கூட்டாளி ஒருவரால் தொழில் முழுகிப்போகும் தறுவாய்க்கு வந்தபோது, அவரை மணக்கவிருந்த பெர்த்தா என்னும் பெண் தம் சீதனப் பணத்தை விவாகத்துக்கு முன்னதாகவே வாங்கிக் கொடுத்து, கூட்டாளியின் பங்கை விலைக்கு வாங்கச் செய்தார் என்பது அவ்வளவு உரக்கச் சொல்லப்படுவதில்லை. வண்டி பிறந்தது, வாங்கத்தான் ஆள் இல்லை. பென்ஸோ, இன்னும் ஒரு திருகாணியைத் திருத்திவிட்டால் தேவலை என்று பட்டறைக்குள்ளேயே ஆயுளைக் கழித்துவிடக்கூடிய இயல்பினர்.

ஆகவே 1888 ஆகஸ்டு தொடக்கத்தில் ஒரு விடியற்காலை, கணவர் எழுந்திருக்குமுன், பெர்த்தா அம்மையார் தம் பிள்ளைகளாகிய ஆய்கன், ரிச்சர்ட் என்னும் இரு சிறுவர்களையும் கூட்டிக்கொண்டு, வண்டியைச் சந்தடி செய்யாமல் வெளியே கொண்டுவந்து, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ள ஃபோர்ட்ஸ்ஹைமை நோக்கிப் புறப்பட்டார். எதற்காகப் புறப்பட்டார்? பெற்ற தாயைப் பார்ப்பதற்காக. உலகத்தில் மோட்டார் வண்டி செய்த முதல் நெடும்பிரயாணம் ஒரு பெண் தன் பிறந்தகத்துக்குச் சென்றதுதான்; அது நம் கணக்குக்கு ஆடி மாதம் என்பதையும், கலியாணமான பெண்களைத் தாய்வீட்டுக்கு அழைத்துச் சீர் செய்யும் மாதமும், கிருத்திகைக் காவடிகள் இந்த மலையை மறைத்துவிடும் மாதமும் அதுவே என்பதையும் எண்ணும்போது எனக்கு உண்டாகும் சந்தோஷத்துக்குத் தர்க்க ரீதியான நியாயம் எதுவும் கிடையாது.

வழியில் பெட்ரோல் பங்க் ஏது? வீஸ்லோஹ் என்ற ஊரில் மருந்துக்கடைக்குள் நுழைந்து, துணியிலுள்ள கறையைப் போக்குவதற்காக விற்கப்பட்ட லிக்ராயின் என்னும் திரவத்தை வாங்கி ஊற்றிக்கொண்டார். அந்த மருந்துக்கடையே உலகின் முதல் பங்க் என்று அவ்வூரார் இன்றும் பெருமை கொள்கிறார்கள். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பியில் செருகிய ஊசியால் குத்தி நீக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்தபோது காலுறையைக் கட்டும் பட்டையைச் சுற்றிவிட்டார். சங்கிலியைக் கொல்லன் ஒருவன் சரிசெய்து கொடுத்தான். ஏற்றங்களில் இயந்திரம் மூச்சுத் திணற, பையன்கள் இறங்கித் தள்ளினார்கள். ஆனால் ஏற்றத்தைவிட இறக்கமே பெரிய சங்கடமாயிற்று. பிரேக்கின் மரக்கட்டைகள் சக்கரத்தில் உராய்ந்து உராய்ந்து தேய்ந்துபோகவே, அவ்வம்மையார் ஒரு செருப்புத் தைக்கும் தொழிலாளியிடம் சென்று அந்தக் கட்டைகளின்மேல் தோலை வைத்து அடித்துத் தரச் சொன்னார். பிரேக் லைனிங் என்று இன்று மெக்கானிக்குகள் சொல்லும் வஸ்து அந்தத் தோல் துண்டிலிருந்து தோன்றியது. ஊர் திரும்பியதும், ஏற்றத்துக்கு இன்னொரு கியர் வேண்டும் என்று அவர் சொல்ல, கணவர் மறுபேச்சின்றிச் செய்துகொடுத்தார். கண்டுபிடித்தவர் ஆண்மகன், ஓட்டிப் பார்த்துக் குற்றம் கண்டவர் அவருடைய இல்லாள். அதற்கு அடுத்த மாதம், செப்டம்பர் 5-ஆம் தேதி, இந்தத் திருத்தணியில் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன் பிறந்தார் என்பதற்கும் இதற்கும் யாதொரு சம்பந்தமும் இல்லை. ஆயினும் எங்கள் ஊர்க்காரன் எவனும் 1888 என்ற எண்ணைக் கேட்டுவிட்டு அதைச் சொல்லாமல் இருக்கமாட்டான்.

அந்த நட்சத்திரமும் ஒரு மனைவியோடு சம்பந்தப்பட்டதே. பென்ஸுக்குப் போட்டியாளராக இருந்த காட்லீப் டைம்லர், தம் வீட்டின் படத்தின்மேல் ஒரு நட்சத்திரக் குறியிட்டு மனைவிக்கு அனுப்பியதை நினைவில் வைத்திருந்த பிள்ளைகளின் யோசனைப்படியே 1909-இல் அது சின்னமாகப் பதிவாயிற்று என்பது கம்பெனியார் சொல்லும் வரலாறு. மெர்ஸிடிஸ் என்பதோ, 1900-இல் டைம்லர் கம்பெனியிடம் 36 வண்டிகளுக்கு ஒரேயடியாக ஆர்டர் கொடுத்த எமில் யெல்லினெக் என்ற வியாபாரியின் மகள் பெயர். இரண்டு கம்பெனிகளும் 1926-இல் ஒன்றாயின.

நம் நாட்டுப் பாமரனுக்கு அந்த நட்சத்திரம் தனவந்தர்களின் காரில் முதலில் தென்படவில்லை. லாரியின் முகத்திலேதான் தென்பட்டது. 1954-இல் டாட்டாவினர் டைம்லர்-பென்ஸோடு உடன்படிக்கை செய்துகொண்டு ஜாம்ஷெட்பூரில் லாரி செய்யத் தொடங்கினர். அவ்வுறவு 1969-இல் முடிந்த பின்னும், 'பென்ஸ் லாரி' என்ற பெயர் ஜனங்களின் வாயை விட்டுப் போக நெடுங்காலம் ஆயிற்று. பின்னர் 2012-இல் ஒரகடத்தில் டைம்லரின் தொழிற்சாலை திறந்து பாரத் பென்ஸ் லாரிகள் புறப்படலாயின. அதற்கு ஐந்து வருஷம் முன்னதாகவே மற்றொரு ஜெர்மானியப் பிரமுகரான பி.எம்.டபிள்யூ செங்கற்பட்டுக்கு அருகே குடியேறிவிட்டார். எங்கள் தெருவில் இருந்த பழைய பென்ஸ் லாரி டிரைவர் ஒருவர், "எந்தக் கியர்ல ஏறினமோ அந்தக் கியர்லதான் எறங்கணும் சாமி, ஏத்தத்துக்கு இஞ்சின் பதில் சொல்லும், எறக்கத்துக்கு நாமதான் பதில் சொல்லணும்" என்பார். அவர் பெர்த்தாவைக் கேள்விப்பட்டவர் அல்லர்.

பென்ஸ் கம்பெனி செய்த புதுமைகளுள் என் மனத்தில் நிலைத்தவை எல்லாம் இறக்கத்துக்குப் பதில் சொன்னவையே. மோதும்போது வண்டியின் முன்னும் பின்னும் நசுங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்ள, நடுவே மனிதர் அமரும் கூண்டு மட்டும் உறுதியாக நிற்க வேண்டும் என்ற பேலா பாரெனியின் யோசனை 1959-இல் காராக வடிவெடுத்தது. அதற்குமுன், நசுங்காத வண்டியே நல்ல வண்டி என்று உலகம் நம்பிக்கொண்டிருந்தது. ஈரச் சாலையில் திடீரென்று பிரேக்கை மிதித்தால் சக்கரம் இறுகிப்போய், வண்டி திருப்பிய பக்கம் திரும்பாமல் வழுக்கிச் செல்லும். சக்கரம் இறுகும் தருணத்தை உணர்ந்து, கணந்தோறும் பிடித்தும் விட்டும் கொடுக்கும் ஏ.பி.எஸ். என்னும் சாதனத்தை பாஷ் கம்பெனியோடு சேர்ந்து 1978-இல் எஸ்-கிளாஸ் காரில் பொருத்தினார்கள். தோல் துண்டு மின்னணுவாயிற்று. கவலை அதே கவலைதான்.

சூரனை வென்ற முருகன் சினம் ஆறி அமர்ந்த மலை இது என்பதனால், மற்ற படைவீடுகளில் சஷ்டியன்று சூரசம்ஹாரம் நடக்கும்போது இங்கே நடப்பதில்லை, சுவாமிக்குப் பூச்சொரிகிறார்கள். வேல் எறிந்த வேகத்தை அல்ல, ஆறி அமர்ந்த நிலையையே இவ்வூர் கொண்டாடுகிறது. வாகனத்தின் பெருமையும் ஓடும் வேகத்தில் இல்லை. வேண்டிய இடத்தில் வேண்டியபோது நிற்பதிலே இருக்கிறது என்பது என் முடிவு. ஆகையால் புதுக்கார் வாங்கும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை: முதல் பிரயாணத்தை மனைவியின் பிறந்தகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், முடிந்தால் அவரையே ஓட்டச் சொல்லுங்கள், போய்ச் சேர்ந்ததும் வீட்டுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். பெர்த்தா அம்மையாரும் ஃபோர்ட்ஸ்ஹைம் சேர்ந்ததும் கணவருக்குத் தந்தி கொடுத்தார்.