மருந்து வென்றது, முதல் போயிற்று

நோய் தீர்க்க முயலும் நிறுவனம் ஒன்றின் பங்குகளை வாங்குபவர் தம்மைச் சூதாடியாக எண்ணுவதில்லை. பொருளும் சேரும், புண்ணியமும் சேரும் என்பது அவர் கணக்கு. நிலமோ பொன்னோ தர இயலாத மனநிறைவு அது. அந்த நல்லெண்ணமே பல வேளைகளில் கண்ணை மறைத்துவிடுகிறது.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் டெண்டிரியான் என்றொரு நிறுவனம் இருந்தது. ஆண்களைத் தாக்கும் புராஸ்டேட் புற்றுநோய்க்கு அது புதுமையான மருத்துவமொன்றைக் கண்டது. நோயாளியின் குருதியிலிருந்தே வெள்ளணுக்களைப் பிரித்தெடுத்து, புற்றை எதிர்க்குமாறு பக்குவப்படுத்தி, மீண்டும் அவர் உடலிலேயே செலுத்தும் முறை அது. பிராவெஞ்ச் என்பது மருந்தின் பெயர்.

2007 மார்ச்சில் வல்லுநர் குழு அம்மருந்துக்கு ஆதரவாக வாக்களித்தது; பங்கு விலை தாவி ஏறியது. மே மாதம் அரசின் மருந்துத் துறை மேலும் சான்று கேட்டது. ஏறிய விலை சரிந்தது. விலை குறைந்த வேளையில் மேலும் வாங்கிச் சராசரியைக் குறைத்துக்கொள்வது சிறு சேமிப்பாளர்களின் வழக்கம். அது துணிவு போலத் தோன்றும். பெரும்பாலும் முதல் பிழையை ஒப்புக்கொள்ள மனம் வராமையே அது.

512 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வில், மருந்து பெற்றோரின் வாழ்நாள் ஏறத்தாழ நான்கு மாதம் நீண்டது. 2010 ஏப்ரல் 29ஆம் நாள் அரசு இசைவளித்தது. பொறுத்திருந்தோர் வென்றனர் என்றுதானே எவரும் கூறியிருப்பர்?

ஆயினும், தேர்வில் தேறிய மாணவனுக்கு வேலை காத்திருக்கிறது என்பது என்ன உறுதி? மூன்று முறை செலுத்துவதற்கு அப்போது விலை 93,000 டாலராக இருந்தது. மருத்துவர்கள் முதலில் தம் பணத்தைக் கொடுத்து வாங்கிவிட்டு, பின்னர் காப்பீட்டிலிருந்து மீட்டுக்கொள்ள வேண்டும்; அவர்கள் தயங்கினர். ஒவ்வொரு நோயாளிக்கும் தனித்தனியே செய்ய வேண்டிய மருந்தாதலால் ஆக்கச் செலவும் மிகுதி. விழுங்கத்தக்க புதிய மாத்திரைகளும் போட்டிக்கு வந்தன. 2011 ஆகஸ்டில் நிறுவனம் தன் விற்பனை மதிப்பீட்டைக் கைவிட்டது. ஒரே நாளில் பங்கின் மதிப்பில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் கரைந்தது. நிறுவனத்தின் தலைமேலோ அறுபது கோடி டாலருக்கும் மேற்பட்ட கடன். 2014 நவம்பரில் அது நொடிப்பு நிலையை அறிவித்தது.

ஆய்வறிக்கைகளை ஆர்வத்தோடு படித்தோரும் ஒன்றைப் படிக்க மறந்தனர். நொடித்த நிறுவனத்தின் சொத்தில் முதல் உரிமை கடன் கொடுத்தோர்க்கே. அவர்களுக்குத் தீர்த்த பின் எஞ்சினால்தான் பங்குதாரர்க்கு. மருந்தின் குணத்தைக் கணித்தவர்கள் கடன் பத்திரங்களை எண்ணிப் பார்க்கவில்லை. 2015இல் அம்மருந்தை வேறொரு நிறுவனம் விலைக்கு வாங்கியது. பணம் கடன்காரர்களைச் சென்றடைந்தது. பங்குதாரர்களுக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

பிராவெஞ்ச் இன்றும் நோயாளிகளுக்குச் செலுத்தப்படுகிறது. அதன் மீது நம்பிக்கை வைத்தோர் மருந்தைப் பொறுத்தவரை தவறவே இல்லை.