அடைத்த வளை

ஜெர்மனி நாட்டில் பங்குப்பணி ஆற்றிய நாள்களில், அயல்வீட்டுச் சிறுவன் ஒருவன் கண்ணாடிப் பெட்டியில் பெருஞ்சிலந்தி ஒன்றை வளர்த்து வந்தான். மெக்சிகோவின் பசிபிக் கரையோரம் அவ்வினத்தின் தாயகம். கரிய கால்களில் செம்மஞ்சள் மூட்டுகள். பெண் சிலந்தி 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது.

ஒரு நாள் அது தன் வளையின் வாயை மண்ணாலும் நூலாலும் அடைத்துக்கொண்டது. வாரங்கள் பல கடந்தன.

"இறந்திருக்கும், தம்பி. தோண்டிப் பார்ப்போமே" என்றேன்.

"வேண்டாம், தந்தையே! அது தோல் உரிக்கப் போகிறது" என்று என் கையைத் தடுத்தான்.

பழந்தோலைக் களைந்த சிலந்தியின் உடல் மிக மென்மையானது. நச்சுப்பற்களும் வெளுத்து, வலுவற்று இருக்கும். இரையாக விடப்படும் வெட்டுக்கிளியே அப்போது அதனைக் கடித்துக் கொன்றுவிடக்கூடும். ஆதலின் இரையை நிறுத்திவிட்டு, நீர்க்கிண்ணத்தை மட்டும் நாள்தோறும் நிரப்பி வந்தான் அவன்.

என் நெஞ்சில் ஒரு முகம் தோன்றிற்று. முன்பொரு பங்கில், தேர்வில் தோற்று அறைக்குள் முடங்கிய இளைஞன் ஒருவனை, நல்லெண்ணத்தோடுதான், வலிந்து வெளியே வரவழைத்து அறிவுரை பொழிந்தேன். சில நாள்களில் அவன் ஊரைவிட்டே போய்விட்டான். இன்றளவும் எனக்கு ஒரு கடிதம் எழுதினானில்லை.

ஒரு காலை வளை திறந்திருந்தது. புதுநிறம் பொலிய, நீர்க்கிண்ணத்தின் அருகே அமர்ந்திருந்தது சிலந்தி. சிறுவன் என்னை நோக்கி முறுவலித்தான்.

நம் இல்லங்களிலும் சில கதவுகள் அடைபடும். அன்பரே, உடைக்க விரைய வேண்டாம். அகன்று போய்விடவும் வேண்டாம். வாயிலில் நீர் வைத்துக் காத்திருப்போம்.