பேரிஜத்தில் கடமான் பார்க்க...

தென்னிந்திய மலைகளில் வேட்டையாடிய வெள்ளைக்காரர்கள் நம் கடமானை ‘எல்க்’ என்றார்கள். குளிர்நாட்டு எல்க் வேறு. பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. 1972 வனவிலங்குச் சட்டப்படி இப்போது வேட்டை குற்றம். ஆனால், அந்தக் கால வேட்டைக்காரர் உத்தி கேமராவுக்கும் உதவும்.

கொடைக்கானலில் வனத்துறை அனுமதி வாங்கி, காலையில் முதல் ஆளாகப் பேரிஜம் போய்விடுங்கள். இறங்க அனுமதியுள்ள இடத்தில், காற்று உங்கள் முகத்தில் அடிக்கும்படி நில்லுங்கள். முதுகில் அடித்தால், உங்கள் வாசனை முந்திக்கொண்டு போய்ச் சொல்லிவிடும். சென்ட், தைலம் இரண்டும் வேண்டாம்! புல்வெளியும் சோலையும் சேரும் விளிம்பையே கவனியுங்கள். முதலில் காது அசைவதுதான் தெரியும். முன்காலைத் தட்டி ‘டாங்க்’ என்று கத்தினால், பக்கத்தில் சிறுத்தையோ செந்நாயோ இருக்கலாம். அல்லது அது பயப்படுவதே உங்களைப் பார்த்துத்தான். அப்போது பின்வாங்கிவிடுங்கள்.

சென்ற முறை மூன்று மான்கள் தெரிந்தன. போனை எடுப்பதற்குள் பேத்தி தும்மிவிட்டாள். மூன்றும் சோலைக்குள்!