பழசுதான், ரொம்ப வருஷமா இருக்கு

லண்டன், ஈஸ்ட் ஹாம்

அடியே கண்ணு,

உன் சின்னவள் பிரசன்ட் பெர்ஃபெக்டில் மட்டும் மார்க்கைக் கோட்டை விடுகிறாள் என்று அழுதிருந்தாயே, அதற்கு வருகிறேன். முதலில் ஆபீஸ் கதையைக் கேள்.

எங்கள் பிரிவில் ஒரு வெள்ளைக்கார அம்மாள். போன வாரம் ஒருத்தி முடியை ஒட்ட வெட்டிக்கொண்டு வந்து நின்றாள். இந்த அம்மாள் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஓ, யூ ஹேவ் ஹேட் யுவர் ஹேர் கட்!" என்றாள். அவ்வளவுதான்! அழகாயிருக்கிறது என்று பின்னால் ஒரு வார்த்தை வர வேண்டாமா? வரவில்லை. இந்த ஊரில் அதுதான் தீர்ப்பு. பாவம், அந்தப் பெண் அன்றைக்கு முழுக்கத் தொப்பியைக் கழற்றவில்லை.

என்னிடம் மட்டும், "யூ ஹேவ் லாஸ்ட் வெயிட்" என்றாள். எனக்குக் கால் தரையில் பாவவில்லை! உன் மகளுக்கு இதையே சொல். எப்போது மெலிந்தேன் என்பது யாருக்கு வேண்டும்? மெலிந்தவள் எதிரே நிற்கிறாள், அதற்குத்தான் அந்த 'ஹேவ்'. "யூ லாஸ்ட் வெயிட் லாஸ்ட் இயர்" என்றிருந்தால், இப்போது திரும்ப ஏறிவிட்டதோ என்று நான் கண்ணாடியைத் தேடியிருப்பேன். ஹேவும் யெஸ்டர்டேயும் பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள், ஒரே பந்தியில் உட்கார மாட்டார்கள். தமிழில் 'நேற்று வந்திருக்கிறான்' என்று தாராளமாகச் சொல்லிப் பழகியதால்தான் நம்மவர்கள் "ஐ ஹேவ் மெட் ஹிம் யெஸ்டர்டே" என்று மாட்டிக்கொள்கிறார்கள்.

1969 ஜூலை 20 அன்று நிலாவிலிருந்து ஆம்ஸ்ட்ராங் சொன்னதும் இதே இலக்கணம்தான்: "தி ஈகிள் ஹேஸ் லேண்டட்." கலம் இறங்கியாச்சு, இதோ நிற்கிறது. ஹூஸ்டனில் பதில் சொன்ன சார்லி டியூக்குக்கோ இறங்கிய இடத்தின் 'டிராங்குவிலிட்டி' என்ற பெயரே வாயில் நுழையவில்லை! கங்கிராஜுலேஷன்ஸ் கிடையாது, இங்கே பல பேர் மூச்சு முட்டி நீலமாகப் போக இருந்தார்கள், இப்போதுதான் மூச்சு வருகிறது என்றார். அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரியாது.

உடுப்பைப் புகழ்ந்தால் நாம் 'பழசுடி' என்போமே, இவர்களும் அப்படியே. "திஸ் ஓல்ட் திங்? ஐ ஹேவ் ஹேட் இட் ஃபார் இயர்ஸ்!" அந்த ஹேவை விழுங்கிவிட்டால், முன்பு இருந்தது, இப்போது இல்லை என்று ஆகிவிடும். உடம்பில் போட்டுக்கொண்டே!

மேனேஜர் "நாட் பேட்" என்றால் இனிப்பு வாங்கலாம். "குவைட் குட்" என்றால் உஷார். அமெரிக்கன் சொன்னால் நல்லது, இங்கத்தியான் சொன்னால் பெரும்பாலும் 'சுமார்'.

பெரியவளுக்கு நிச்சயம் ஆகப்போகிறதாமே! பழைய காலத்து இங்கிலீஷ் சீமாட்டிகள் மாப்பிள்ளைக்குத்தான் கங்கிராஜுலேஷன்ஸ் சொல்வார்களாம். பெண்ணுக்குச் சொன்னால், துரத்திப் பிடித்துவிட்டாள் என்று அர்த்தமாகிவிடுமாம்; அவளுக்கு வெறும் 'பெஸ்ட் விஷஸ்'. இப்போது யார் பார்க்கிறார்கள்? நான் இரண்டு பேருக்கும் கங்கிராஜுலேஷன்ஸ் என்றே எழுதுவேன், கடைசி 'ஸ்' விடாமல்.

பிள்ளை வீட்டார் எத்தனை பவுன் கேட்டார்கள்? மழுப்பாமல் எழுது.

உன்,
பழைய பெஞ்சுக்காரி